கார் சீட்டு லெதரா, லெதர் மாதிரியா? கிளீனிங், கண்டிஷனிங் பத்தி ஒரு எபிசோட்

இந்த வாரம் இன்ட்ரோ எல்லாம் இல்லாம ஒரு லிஸனர் கேள்வியிலிருந்தே நேரா ஆரம்பிக்கலாம். ஐயப்பன்தாங்கல்ல இருந்து ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அஞ்சு வருஷம் ஓடின ஒரு எஸ்யூவியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கார். உள்ளே கறுப்பு–பீஜ் ரெண்டு கலர். டிரைவர் சீட்டோட ஓரம் கறுத்துப் போயிருக்கு, ஹெட்ரெஸ்ட்ல எண்ணெய்க் கறை, ஸ்டீயரிங் பளபளன்னு இருக்கு. ஒரு டீடெயிலிங் கடையில "லெதர் டீப் கிளீன் பிளஸ் கண்டிஷனிங்"னு 6,500 ரூபாய் கேட்டிருக்காங்க. "ப்ரோ, இது ஒர்த்தா? இல்ல வீட்டுலயே பண்ணலாமா?"ன்னு கேட்டார்.

நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்டேன்: உங்க சீட்டு லெதர்தானா?

அவர் சிரிச்சார். ஆனா இந்த எபிசோட்ல பாதி விஷயம் அந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு. நம்ம ஊர்ல விக்கற கார்கள்ல "லெதர் சீட்டு"ன்னு நாம சொல்றதுல பெரும்பங்கு லெதரே கிடையாது. பிரோஷரை எடுத்துப் பாருங்க. "லெதரெட்"னு போட்டிருந்தா அது தோல் இல்லை. துணி மேல பிவிசியோ பாலியூரித்தேனோ பூசி, அதுல தோலோட வரிகளை அச்சடிச்சது. எங்க பாட்டி அதை ரெக்சின்னுதான் சொல்லுவாங்க, அவங்க சொல்றதுதான் சரி. நிஜ லெதர் வர்ற விலை உயர்ந்த கார்கள்ல கூட, உடம்பு படற நடுப்பகுதி மட்டும் தோலா இருக்கும். பக்கவாட்டும் முதுகுப்பக்கமும் வினைலா இருக்கும். பிரோஷரோட கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல இதை எழுதியிருப்பாங்க. டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸைப் படிக்காம அக்செப்ட் அமுக்கற நம்ம பழக்கம் இங்கயும் வேலை செய்யுது.

டேஷ்போர்டும் டோர் பேடும் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் தோல்தான். வரிகளும் குழிகளும் அச்சுல வந்தது. சில கார்ல நூல் தையல் மாதிரி கூட அச்சு போட்டிருப்பாங்க, நூலே இருக்காது. ஸ்டீயரிங்கும் கியர் நாபும்தான் விதிவிலக்கு. நடுத்தர விலை கார்ல கூட "லெதர் ராப்டு ஸ்டீயரிங்"னு போட்டிருந்தா அது நிஜத் தோலா இருக்க வாய்ப்பு அதிகம்.

கண்டுபிடிக்கறது எப்படி? கொளுத்திப் பாக்கற டெஸ்ட் ஒண்ணு யூட்யூப்ல சுத்துது, கார் சீட்டுல தயவு செஞ்சு அதைப் பண்ணிடாதீங்க. சீட்டுக்கு அடியில கைய விட்டு, மெட்டீரியல் மடிஞ்சு முடியற ஓரத்தைத் தேடுங்க. பின்பக்கம் பனியன் துணி மாதிரி நெசவு தெரிஞ்சா செயற்கை. சூயேட் மாதிரி நார் நாரா, கலைஞ்ச மாதிரி இருந்தா தோல். அடுத்தது, வரிகளை உத்துப் பாருங்க. ஒரே குழி, ஒரே வளைவு ஒரு ஜாண் தள்ளி அச்சு அசலா திரும்ப வந்தா அது உருளையில அச்சடிச்சது. ஆனா இது முழுசா நம்பக்கூடிய டெஸ்ட் இல்லை. ஏன்னா நிஜத் தோல் மேலயும் அச்சடிப்பாங்க. அது ஏன்னு புரிய, தோல் எப்படித் தயாராகுதுன்னு கொஞ்சம் பாக்கணும்.

ஆம்பூர் வழியா ஒரு ரவுண்டு

நான் இருக்கறது குமணன்சாவடி. இங்கிருந்து பெங்களூர் ஹைவேல போனா ராணிப்பேட்டை, அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி. பிரியாணிக்காக நிறுத்தற ஊருங்கன்னுதான் நம்மள்ல பலருக்குத் தெரியும். ஆனா இந்தியாவோட தோல் தொழிலுக்கு முதுகெலும்பே அந்தப் பக்கம்தான். இங்க சென்னையிலயே பெரியமேடு பல தலைமுறையா தோல் வியாபாரம் நடக்கற இடம். அடையாறுல, அண்ணா யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1948ல தொடங்கினது. சிஎல்ஆர்ஐன்னா பஸ் ஸ்டாப் பேருன்னே நெனச்சுட்டிருக்கறவங்க உண்டு.

பச்சைத் தோல்ங்கறது கொலாஜன்ங்கற புரதத்தோட நார்க்கட்டு. அதை அப்படியே விட்டா அழுகும், காஞ்சா முறுக்கு மாதிரி வெறைச்சிடும், ஈரத்தோட 60, 65 டிகிரி வரைக்கும் சூடாக்கினா சுருங்கி ஜெலட்டின் ஆகற பாதைல போயிடும். அந்த நார்களை ஒண்ணோட ஒண்ணு வேதியியல் முறையில கட்டிப் போடறதுக்குப் பேருதான் பதனிடறது. நம்ம பக்கத்துப் பழைய முறை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். ஆவாரம்பூ டீ குடிக்கற அதே ஆவாரை. இப்படி மரப்பட்டைல பதனிட்ட மெட்ராஸ் தோல் "ஈஸ்ட் இண்டியா லெதர்"ங்கற பேர்ல கப்பல் ஏறிப் போச்சு. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல குரோமியம் உப்பு வெச்சுப் பதனிடற முறை மெட்ராஸுக்கு வந்தது. குரோம்பேட்டைங்கற பேர்ல இருக்கற "குரோம்" அங்க இருந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். குரோம்ல பதனிட்ட தோலைக் கொதிக்கற தண்ணில போட்டாலும் சுருங்காது. அதுதான் தொழிற்சாலையில அதுக்கு வைக்கற பரிட்சையே. இதுக்கெல்லாம் ஒரு விலை இருந்தது, அதைப் பாலாறு குடுத்தது. வேலூர் மாவட்டத்து மக்கள் அமைப்பு ஒண்ணு தொடுத்த வழக்குல 1996ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு, "மாசுபடுத்தறவங்களே அதுக்கான செலவை ஏத்துக்கணும்"ங்கற கொள்கைக்காக இன்னிக்கும் சட்டக் கல்லூரில பாடமா இருக்கு. அது தனி எபிசோடுக்கான விஷயம், நிச்சயமா பண்ணுவேன்.

நமக்கு இப்போ வேணுங்கறது பதனிட்ட பிறகு நடக்கற ரெண்டு வேலை.

முதல்ல, எண்ணெய் ஏத்தறது. நார்களுக்கு நடுவுல வழவழப்பு இல்லன்னா தோல் காஞ்சதும் அட்டை மாதிரி ஆயிடும். அதனால தண்ணில கலக்கற மாதிரி மாத்தின எண்ணெய்களை, பெரிய சுத்தற டிரம்ல தோலோட சேத்துப் போட்டு, வெதுவெதுப்பா மணிக்கணக்குல உருட்டி, ஒவ்வொரு நாருக்கும் எண்ணெய் போய்ச் சேர வைப்பாங்க. தோல் மென்மையா இருக்கறதுக்கு முக்கியக் காரணம் இதுதான். நீங்க ஒரு பாட்டில் கண்டிஷனரைத் துணியில தடவித் தேய்க்கறது இதுக்கு ஈடாகவே முடியாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கங்க.

ரெண்டாவது, பூச்சு. கார்ல போற தோல் வெயில், வேர்வை, ஜீன்ஸ் உரசல் எல்லாத்தையும் வருஷக்கணக்கா தாங்கணும். அதனால மேல் பரப்புல இருக்கற கொசுக்கடி, முள் கீறல் தழும்புகளை லேசா தேய்ச்சு எடுத்து, நிறமி கலந்த பூச்சு அடிச்சு, சூடான தகட்டை வெச்சு அழுத்தி ஒரே சீரான வரிகளை அச்சடிச்சு, கடைசில தெளிவான பாலியூரித்தேன் டாப் கோட் ஒண்ணு குடுப்பாங்க. தோல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும். பூச்சு அதுல ஒரு சின்ன பங்கு. ஆனா உங்க கை படறது, வேர்வை படறது, கிளீனர் படறது எல்லாமே அந்தப் பூச்சு மேலதான். நம்ம பாஷைல சொல்லணும்னா, கீழ இருக்கற தோல் பேக்எண்ட், நீங்க பேசறது முழுக்க ஃப்ரண்ட்எண்டோட மட்டும்.

இதுல இன்னொரு விஷயமும் வெளிப்படுது. பூச்சு போட்ட நிஜ லெதர், லெதரெட் ரெண்டுக்கும் மேல் பரப்பு கிட்டத்தட்ட ஒரே ஜாதி பிளாஸ்டிக். அதனால கிளீனிங் முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் கண்டிஷனிங்லதான்.

மேடும் பள்ளமும்

வரி வரியா டெக்ஸ்சர் இருக்கற பரப்பை ஒரு லென்ஸ்ல பாத்தா குட்டிக் குட்டி மேடு, நடுவுல பள்ளம். தூசியும் உடம்பு எண்ணெயும் கலந்து ஒரு பசை ஆகுது, அது பள்ளத்துல போய் உக்காருது. எங்க குமணன்சாவடி ஜங்ஷன்ல மெட்ரோ வேலை நடந்த வருஷங்கள்ல, கண்ணாடியை ஏத்தி வெச்சுட்டே போனாலும் டேஷ்போர்டுல விரலால பேர் எழுதலாம். அந்தத் தூசி வெறும் மண் இல்லை, சிமென்ட்டும் மணலும். உப்புத்தாள் மாதிரிதான் அது.

இப்போ துணியை நனைச்சு சீட்டை அழுத்தித் தேய்ச்சா என்ன ஆகும்? துணி மேட்டுல மட்டும்தான் படும். பள்ளத்துல இருக்கற அழுக்கு இன்னும் உள்ளே போகும். மேட்டுல இருக்கற டாப் கோட் தேய்ஞ்சு போகும். வருஷக்கணக்கா இப்படித் தேய்ச்ச பீஜ் சீட்டு பாத்திருக்கீங்களா? வரி எல்லாம் கறுப்பா, மேடெல்லாம் வெளிறி, ஒரு மேப் மாதிரி இருக்கும். அழுக்குன்னு நெனச்சு இன்னும் தேய்ப்பாங்க. வெள்ளையா, லேசா இருக்கற அந்த "மேஜிக் ஸ்பான்ஜ்" இருக்கே, மெலமைன் ஃபோம், அது இந்த வேலையை இன்னும் சீக்கிரமாப் பண்ணும். அது கெமிக்கல் இல்லாம சுத்தம் பண்ணுதுன்னு சொல்றது உண்மைதான். ஏன்னா அது மிக நுண்ணிய ஒரு உப்புத்தாள். ஒரு தடவை தேய்ச்சா பிரமாதமா இருக்கும். பத்து தடவைல டாப் கோட் காலி.

அதனால டெக்ஸ்சர் பரப்புக்கு வேணுங்கறது மென்மையான பிரஷ், கூட நுரை. துணியோட வேலை கடைசில அழுக்கைத் தூக்கறது மட்டும்தான்.

முறையைச் சொல்றேன். காரை நெழல்ல நிறுத்துங்க. வெயில்ல நின்ன காரோட உள்பக்கம் 60 டிகிரியைத் தாண்டும், டேஷ்போர்டு அதுக்கும் மேல. அந்தச் சூட்டுல எந்த லிக்விடும் துடைக்கறதுக்குள்ள காஞ்சு திட்டு விட்டுடும். கதவைத் திறந்து வெச்சு ஆற விடுங்க. அப்புறம் வேக்குவம். பிரஷ் முனை போட்டு, முக்கியமா தையல் ஓரத்துலயும் சீட்டு மடியற இடுக்குலயும். மண் இருக்கும்போதே ஈரம் பட்டா சேறாயிடும், அதனால இந்த ஸ்டெப்பை ஸ்கிப் பண்ணாதீங்க.

கிளீனருக்குக் கடைல பிஎச் நியூட்ரல்னு போட்ட லெதர் கிளீனர் வாங்கலாம். இல்லன்னா அரை லிட்டர் தண்ணில ஒரு டீஸ்பூன் பேபி ஷாம்பூ போதும். தண்ணி கேன் வாட்டரா இருக்கட்டும். நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு. காஞ்சதும் வரிகளுக்குள்ள வெள்ளையா படியும். துணி துவைக்கற பவுடர், குளியல் சோப்பு, ஆப்ப சோடா எல்லாம் காரத்தன்மை. பதனிட்ட தோல் இயல்பிலயே அமிலப் பக்கம் இருக்கற பொருள், பிஎச் 4ஐ ஒட்டி. பூச்சுல ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் அது வழியா காரம் உள்ளே போய் தோலை விறைப்பாக்கும்.

கிண்ணத்துல கலக்கி நுரை வரவெச்சு, அந்த நுரையை மட்டும் பிரஷ்ல எடுங்க. சீட்டு மேல நேரா ஊத்தறதும் வேண்டாம், ஸ்ப்ரே பண்றதும் வேண்டாம். குழந்தைங்க டூத் பிரஷ் கூடப் போதும், பெரிய பரப்புக்குக் குதிரைமுடி பிரஷ் கிடைச்சா வாங்கிக்கங்க. ஒரு தடவைல ஏ4 தாள் ரெண்டு வெச்ச அளவு இடம் மட்டும். அழுத்தமே வேண்டாம், சின்னச் சின்ன வட்டமா பிரஷ் ஓடணும், முனை பள்ளத்துக்குள்ள இறங்கணும். நுரை பழுப்பாகும், பாக்க அருவருப்பா இருந்தாலும் ஒரு திருப்தி. அது காயறதுக்கு முன்னாடி மைக்ரோஃபைபர் துணியை வெச்சு, தேய்க்காம, ஒத்தி எடுங்க. அப்புறம் வெறும் தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால ஒரு தடவை. அடுத்த கட்டத்துக்குப் போங்க. ஒரு சீட்டுக்கு இருபது நிமிஷம், அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டா பள்ளம் அப்படியே இருக்கும்.

எப்போ நிறுத்தணும்னு ஒரு அடையாளம் இருக்கு. பெரும்பாலான கார்ல கம்பெனியிலிருந்து வரும்போது லெதர் பளபளக்காது, மேட்டா இருக்கும். பளபளப்பு வந்தா அது பெரும்பாலும் அழுக்கு. பள்ளமெல்லாம் உடம்பு எண்ணெயால நிரம்பி சமமாயிட்டதால வெளிச்சம் கண்ணாடி மாதிரி திரும்புது. நல்லா கிளீன் பண்ணினா மறுபடி மேட்டாயிடும். ஆனா சுத்தம் பண்ணியும் மேடுங்க மட்டும் மின்னினா, அங்க பூச்சு தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம், அதை எந்த கிளீனரும் திருப்பிக் கொண்டு வராது.

கண்டிஷனர் என்னதான் பண்ணுது?

இங்கதான் கடைக்காரங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

கண்டிஷனர் "தோலுக்கு ஊட்டம் குடுக்குது"ன்னு பாட்டில்ல எழுதியிருப்பாங்க. தோல் செத்து, பதனிட்டு, பூச்சு அடிச்சாச்சு. அதுக்கு ஊட்டம் எங்கிருந்து? நார்களுக்குத் தேவையான எண்ணெய் டிரம்லயே ஏறிடுச்சுன்னு சொன்னேன்ல, அதுக்கும் உங்க கைக்கும் நடுவுல ஒரு பாலியூரித்தேன் கோட்டிங் இருக்கு. நீங்க தடவறதுல மிகப் பெரும்பகுதி அந்தக் கோட்டிங் மேலயே நிக்கும்.

அப்போ சுத்த வேஸ்ட்டா? அப்படியும் சொல்ல மாட்டேன். நல்ல, தண்ணி அடிப்படையிலான கண்டிஷனர் மேல் பரப்புல மெல்லிசா ஒரு படலம் விடும். உரசல் குறையும், ஜீன்ஸ் நீலம் ஒட்டறது குறையும், அடுத்த தடவை அழுக்கு சுலபமா வரும். தையல் துளை, தேய்ஞ்ச இடம், நுண்ணிய விரிசல் இருக்கற பழைய தோல்ல கொஞ்சம் உள்ளேயும் போகும். ஆக, அது சாப்பாடு இல்லை. வார்னிஷ் அடிச்ச டேபிள் மேல விரிக்கற ஷீட் மாதிரி. வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும், அதுவும் கிளீன் பண்ணின பிறகுதான். அழுக்கு மேல கண்டிஷனர் போட்டா அழுக்கை லேமினேட் பண்ற மாதிரி. ஒரு சீட்டுக்கு ஒரு ரூபாய்க் காசு அளவு, துணியில எடுத்துப் பரப்பி, பத்து நிமிஷம் கழிச்சு வேற துணியால மிச்சத்தை முழுசாத் துடைச்சிடணும். தொட்டா பிசுபிசுன்னு இருந்தா அதிகமாப் போட்டிருக்கீங்க.

பூச்சே இல்லாத தோல் உண்டு, அனிலைன்னு சொல்வாங்க. ரொம்ப உயர்ந்த கார்களோட சில மாடல்லதான் பாக்க முடியும். மறைவான இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. முத்து மாதிரி நின்னா பூச்சு இருக்கு. உறிஞ்சி கறுத்தா அனிலைன். அதுக்குக் கண்டிஷனர் நிஜமாவே உள்ளே போகும். அதே மாதிரி காபியும் உள்ளே போகும். அந்தக் காரை வெச்சிருக்கறவர் இந்த எபிசோடைக் கேக்கற நேரத்துல, டீலர் சொல்ற ஆளைக் கூப்பிடட்டும்.

இப்போ லெதரெட். இதுக்கு லெதர் கண்டிஷனர் போடறதுல அர்த்தமே இல்லை, உள்ளே போக தோலே கிடையாது. ஆனா லெதரெட் கெட்டுப் போகாதுன்னு நெனச்சுடாதீங்க, அதோட எதிரி வேற. பிவிசி தன்னால கெட்டியான பிளாஸ்டிக். அதை வளைய வைக்கறதுக்காக பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேப்பாங்க. வெயில் சூட்டுல அது மெதுவா வெளிய வந்துட்டே இருக்கும். புதுக் காரோட கண்ணாடில உள்பக்கம் ஒரு மங்கலான படலம் படியுமே, அதுல ஒரு பங்கு இதுதான். போகப்போக மெட்டீரியல் விறைச்சு விரியும். பாலியூரித்தேன் வகைக்கு வேற பிரச்சினை: காத்துல இருக்கற ஈரமே அதோட மூலக்கூறு சங்கிலியை வெட்டும். நீராற்பகுப்புன்னு பத்தாவதுல படிச்சோமே, அதேதான். சென்னைல சோஃபாவும் ஆபீஸ் சேரும் ஹேண்ட்பேகும் நாலஞ்சு வருஷத்துல செதில் செதிலா உரிஞ்சு, உக்காந்து எழுந்தா பேன்ட்ல ஒட்டிக்குதே, காரணம் இதுதான். யாரும் சரியாப் பராமரிக்கலைங்கறது இல்ல. வெயில்லயும் புழுக்கத்துலயும் வருஷம் பூரா கிடக்கற பொருளுக்கு ஆயுசு அவ்வளவுதான். நெழல்ல நிறுத்துங்க, விண்ட்ஷீல்டுக்கு சன் ஷேடு போடுங்க. நூத்துக்கணக்குல வர்ற சன் ஷேடு, ஆயிரக்கணக்குல போற கண்டிஷனிங்கைவிட அதிகம் காப்பாத்தும்.

ஐயப்பன்தாங்கல் நண்பருக்கு வருவோம். அவர் பிரோஷரை டவுன்லோட் பண்ணிப் பாத்தார். சீட்டு லெதரெட், ஸ்டீயரிங் மட்டும் லெதர். 6,500ல கண்டிஷனிங்ங்கற பங்கு சீட்டுக்குத் தேவையே இல்லை. கிளீனிங்கை ஒரு ஞாயித்துக்கிழமை அவரும் அவர் தம்பியும் பண்ணியிருக்காங்க, செலவு ஒரு பிரஷ், ரெண்டு துணி, குழந்தையோட ஷாம்பூ. போட்டோ அனுப்பினார். கறுப்புல முக்காவாசி போயிடுச்சு. ஏறி இறங்கற ஓரத்துல மட்டும் ஒரு சாம்பல் திட்டு நிக்குது, அது தேய்மானம்.

கடைக்காரங்களைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. நுரை, பிரஷ், பொறுமைன்னு நான் சொன்னதை அவங்க ஆறு மணி நேரம் குனிஞ்சு பண்றாங்க, அந்த உழைப்புக்குக் காசு நியாயம். உங்களுக்கு நேரம் இல்லன்னா குடுங்க. ஆனா எதுக்குக் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுங்க.

வழுக்கல், கண்கூச்சம், ஓட்டை

ஸ்டீயரிங்கை எல்லாரும் கடைசில நெனைப்பாங்க, அதுதான் காருக்குள்ளயே அதிகம் அழுக்கான இடம். 2020க்கு அப்புறம் அதுக்குப் புது எதிரி வந்தது, சானிடைசர். ஆல்கஹால் ஈரம் காயறதுக்குள்ள ஸ்டீயரிங்கைப் பிடிச்சா டாப் கோட் இளகும், பிசுக்கு ஏறும், கொஞ்ச நாள்ல உரியும். கைய நல்லாக் காய விட்டுட்டுப் பிடிங்க. கண்டிஷனர் போட்டா முழுசாத் துடைச்சு, காருக்கு வெளிய நின்னு ரெண்டு கையால திருப்பிப் பாருங்க. வழுக்கினா மறுபடி துடைங்க. பூந்தமல்லி ரோட்ல ஷேர் ஆட்டோ குறுக்க வரும்போது அந்த வழுக்கலைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

டேஷ்போர்டுக்கு பாலிஷ் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பளபளப்பு பெரும்பாலும் சிலிகோன் எண்ணெய். டேஷ்போர்டை மேட்டா, வரி வரியா டிசைன் பண்றதுக்குக் காரணமே வெளிச்சம் கண்ணாடில திரும்பி உங்க கண்ணைக் கூசக்கூடாதுங்கறதுதான். அதுல போய் பாலிஷ் போட்டா, எதிர் வெயில்ல விண்ட்ஷீல்டு முழுக்க டேஷ்போர்டோட பிம்பம். அங்க ஈரத்துணி போதும்.

ஓட்டை ஓட்டையா இருக்கற சீட்டு, அதுவும் கீழ ஃபேன் வெச்ச வென்டிலேட்டட் சீட்டுன்னா, ஈரம் உள்ளே போகவே கூடாது. ஸ்பான்ஜ் நனைஞ்சா நம்ம ஊர் ஈரப்பதத்துல காய நாளாகும், நாத்தம் வரும். நுரையை பிரஷ்ல எடுத்து, துணியில ஒரு தட்டு தட்டி, கிட்டத்தட்ட காய்ஞ்ச பிரஷ்ஷாலதான் பண்ணணும். கண்டிஷனர் அந்த ஓட்டைகள்ல போய் வெள்ளையா அடைச்சுக்கும். வேண்டவே வேண்டாம்.

ஹெட்ரெஸ்ட் கறைக்கு வருவோம். அது தேங்காய் எண்ணெய், நம்ம தேசியக் கறை. "எண்ணெய்தானே, தோலுக்கு நல்லதுதானே"ன்னு சிலர் சீட்டுக்கே தேங்காய் எண்ணெய் தடவறாங்க. 24, 25 டிகிரிக்குக் கீழ போனா அது உறையும். மார்கழிக் காலையில வரிகளுக்குள்ள வெள்ளையா நிக்கும், சித்திரைல இளகித் தூசியைப் பிடிக்கும். ஆலிவ் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் நாள்பட்டா சிக்கு வாடை அடிக்கும். டூத் பேஸ்ட்ல அரைக்கற துகள் இருக்கு. வினிகர் சாலட்டுக்கு. மஞ்சள் கறைக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: சாம்பார் சிந்தினா துடைச்சுட்டு வெயில் படற மாதிரி நிறுத்துங்க. மஞ்சள்ல இருக்கற குர்குமின் வெளிச்சத்துல தானா வெளிறும். இந்த எபிசோட்ல வெயிலை நான் பாராட்டற ஒரே இடம் இதுதான்.

மழைக்கு அப்புறம்

2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். ரெண்டு தடவையும் சென்னைல கார் சீட்டு வரைக்கும் தண்ணி பாத்தவங்க நிறைய பேர். தண்ணி உள்ளே வந்த கார்ல சீட்டைத் துடைக்கறது கடைசி வேலை. கார்பெட்டையும் அதுக்குக் கீழ இருக்கற ஃபெல்ட்டையும் தூக்கிக் காய வைக்கணும், இல்லன்னா மேல எவ்வளவு துடைச்சாலும் பூஞ்சை திரும்ப வரும். முன் சீட்டுக்கு அடியில மஞ்சள் நிற கனெக்டர் தெரிஞ்சா அதைத் தொடாதீங்க, அது ஏர்பேக் சர்க்யூட். சீட்டைக் கழட்டற வேலை சர்வீஸ் சென்டரோடது.

வெள்ளமே வராட்டியும், ஐப்பசி கார்த்திகைல ரெண்டு வாரம் பூட்டி வெச்ச கார்ல வெள்ளைப் பூஞ்சை படியும். அதை காருக்குள்ளயே தட்டி விட்டா வித்துங்க ஏசி வழியா சுத்தும். எல்லாக் கதவையும் திறந்து, மாஸ்க் போட்டு, பேபி ஷாம்பூ தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால ஒரே திசைல வழிச்சு எடுங்க, துணியை மடிச்சு மடிச்சு மாத்துங்க. அப்புறம் வரிகளுக்கு பிரஷ். வீட்டு டேபிள் ஃபேனை வெச்சு ஒரு நாள் காய விடுங்க. ஹேர் டிரையர் வேண்டாம், ஈரத் தோலுக்குச் சூடு ஆகாது.

கடைசியா வந்த கேள்வி: "ப்ரோ, இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஜிபி ரோட்ல போய் மேல ஒரு சீட் கவர் தெச்சுப் போட்டா முடிஞ்சுதே?"

போடறதுக்கு முன்னாடி முன் சீட்டோட கதவுப் பக்க ஓரத்தைப் பாருங்க. ஏர்பேக்னு ஒரு சின்ன டேக் தெச்சிருந்தா, சைடு ஏர்பேக் அந்த ஓரத்துக்குள்ள மடிஞ்சு உக்காந்திருக்கு. ஆறு ஏர்பேக் கார்னா கிட்டத்தட்ட நிச்சயமா இருக்கும். மோதின சில மில்லி செகண்டுல அது சீட்டோட தையலைப் பிச்சுக்கிட்டு வெளிய வரணும். அந்தத் தையலை அதுக்குன்னே கணக்குப் பண்ணி பலவீனமாத் தெச்சிருப்பாங்க. அது மேல கெட்டியான ரெக்சின் கவரை இறுக்கித் தெச்சா, பை தாமதமா விரியும், இல்ல தப்பான பக்கம் விரியும். நிறைய கார்களோட ஓனர்ஸ் மேனுவல்லயே இதை எச்சரிக்கையாப் போட்டிருக்காங்க. "ஏர்பேக் கட் விட்டிருக்கோம் சார்"னு கடையில சொல்வாங்க. அந்த இடத்துல திறந்த வெளி விட்டிருக்காங்களா, இல்ல சாதாரண நூலால மூடித் தெச்சிருக்காங்களான்னு விரல் விட்டுப் பாருங்க. அதே மாதிரி, சீட்டைக் கிளீன் பண்ணும்போதும் அந்த ஓரத் தையல்ல பிரஷ்ஷை அழுத்தி ஓட்டாதீங்க, நுரையைத் தேங்க விடாதீங்க. ஈரத்துணியால ஒரு தடவை ஒத்தி எடுத்தா போதும்.